பிஸ்கட்டுக்கு ஒரு கடிவாளம்

மார்ச் 3, திங்கள்

காலையில் ஒரே பனி. தொழுவத்தின் கூரைகூடத் தெரியவில்லை. எட்டு மணிக்கு மேல்தான் வெயில்.

பார்சல் வந்துவிட்டது! கொழும்பிலிருந்து. மெனேஜர் சேர் ஹோட்டல் வரவேற்பு மேசையில் வைத்தே பிரித்தார். கறுப்புத் தோல். மின்னுகிற பக்கிள்கள். புதுச் செருப்புக் கடைக்குள் நுழைந்த மாதிரி வாசனை. எங்கள் குதிரை பிஸ்கட் இங்கே வந்து இரண்டு மாதத்தில் அதற்கென்றே வாங்கிய முதல் சாமான். (இனி பிஸ்கட் = பி., மெனேஜர் = மெ. கை வலிக்கிறது.)

இந்தக் கொப்பி பி. தின்றது, குடித்தது எழுதுவதற்கு. மிருக வைத்தியர், டொக்டர் மிஸ், அப்படித்தான் சொன்னார். நான் மற்றதையும் எழுதுகிறேன். யார் பார்க்கப்போகிறார்கள்.

தின்றது: புல் நான்கு கட்டு, தவிடு, கரட் ஆறு. தண்ணீர் இரண்டு வாளி.

இதுவரை போட்டது ஹோட்டலில் முன்பு இருந்த மட்டக்குதிரையின் பழைய கடிவாளம். பி.க்கு அது சின்னது. அதைக் கையில் எடுத்தாலே தலையை வானத்துக்குத் தூக்கும். போன கிழமை அப்படித் தூக்கியதில் விருந்தாளிப் பிள்ளை ஒன்று புல்லில் சறுக்கி விழுந்தது. பிள்ளை சிரித்தது. தாய் சிரிக்கவில்லை. அதனால்தான் இந்தப் புதியது.

மெ. சொன்னது: "பதினஞ்சாந் தேதி இங்க கல்யாணம். மாப்பிள்ளை குதிரையில வரணுமாம். அதுக்குள்ள இது சரிப்பட்டு வரலன்னா இத வித்த நுவரெலியாக்காரனுக்கே போன் பண்ணிருவேன். வந்து ஏத்திட்டுப் போகட்டும். நீ யோசிக்காத தெய்வானை, ஒனக்குச் சலவை ரூம் இருக்கு."

ஆறுதல் சொல்கிறாராம்.

மலையில் பதினொரு வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தேன். பிறகு சலவை அறையில் மூன்று வருடம் பெட்ஷீட். பெப்ரவரியில் குதிரைக்காரர் டுபாய்க்குப் போனார், கொஞ்ச நாளைக்குப் பார்த்துக்கொள் என்றார்கள். அந்தக் கொஞ்ச நாள் முடியவே கூடாது என்று எனக்கு இருக்கிறது.

பார்சலில் ஒன்று மட்டும் பிடிக்கவில்லை. வாயில் போடுகிற இரும்பு. இரண்டு பக்கமும் விரல் நீளத்துக்குக் கொக்கி, தாடைக்குக் கீழே சங்கிலி. "இதப் போட்டா மூச்சு விடாம நிக்கும்" என்றார் மெ. என் மணிக்கட்டில் மாட்டி வாரை இழுத்துப் பார்த்தேன். சங்கிலி பதிந்த தடம் சாப்பாட்டு நேரம்வரை இருந்தது.

மார்ச் 4, செவ்வாய்

குளிர். வெயில் வரும்வரை காத்திருக்கவில்லை, பொறுமை இல்லை.

புதியதைப் போட்டுப் பார்த்தது:
தலைவார், காதுக்குப் பின்னால் போவது. அகலம், மெத்து. நல்லது.
நெற்றிவார். நீளம் போதும், காதை இழுக்கவில்லை. மிக நல்லது.
கன்னவார். நாலாவது ஓட்டை.
இரும்பு.

இரும்பு ஐஸ் மாதிரி இருந்தது. கக்கத்தில் வைத்துச் சூடாக்கினேன். குசினியில் கேட்டு வாங்கி, இனிக்கட்டும் என்று கித்துள் பாணி தடவினேன். பி. பாணியை நக்கியது, வாயையும் திறந்தது. அடடா என்று நினைத்த அந்தச் செக்கன் இரும்பு உள்ளே எங்கோ பட்டது. தலை மேலே போயிற்று. கூடவே நானும். கால் தரையில் இல்லை.

கழற்றிப் பார்த்தால் நுரையில் நூல் மாதிரி இரத்தம்.

அது பிடிவாதம் இல்லை. அதற்கு வலிக்கிறது! இரண்டு மாதமாக வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, நாங்கள் எல்லாரும் குணம் சரியில்லை என்று பேசிக்கொண்டிருந்தோம்.

டொக்டர் மிஸ்ஸுக்குப் போன். நாளை வருகிறார்.

தின்றது: குறைவு.

மார்ச் 5, புதன்

டொக்டர் மிஸ் ஸ்கூட்டரில் வந்தார். சின்ன உருவம். பி.யின் கழுத்துக்குக்கூட எட்டமாட்டார். ஊசி போட்டதும் பி. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கோயில் ஐயர் மாதிரி கண்ணை மூடி நின்றது.

வாய்க்குள் டோர்ச் அடித்தார். "அக்கா இங்க வாங்க. கையக் குடுங்க. இங்க தொடுங்க."

கடைவாய்ப் பல்வரிசைக்கு முன்னால், இரும்பு உட்காருகிற இடத்தில், சோளமுத்து அளவில் ஒரு பல். எல்லாக் குதிரைக்கும் இருக்காதாம். இருந்தால் இரும்பு போய் அதில்தான் இடிக்குமாம்.

"பாவம்" என்றார் டொக்டர் மிஸ். "நானெண்டா ரொம்ப முந்தியே ஓடியிருப்பன்."

பிடுங்கியாயிற்று. பல் என் சுண்டுவிரல் நகமளவு. இத்தனைக்கும் இதுவா!

ஆனால் இரண்டு கிழமைக்கு வாயில் ஒன்றும் போடக்கூடாதாம். விரல் விட்டு எண்ணினேன். பத்தொன்பதாம் தேதி. கல்யாணம் பதினைந்து.

என் முகத்தைப் பார்த்திருப்பார் போல. போனை எடுத்துப் படம் காட்டினார். "வாயில ஒண்டும் போடாத கடிவாளம் இருக்கு அக்கா. மூக்கில மட்டும் பிடிக்கிறது. மூக்குவார்ல ரெண்டு பக்கம் வளையம். கையில பிடிக்கிற வார் அதில."

"அது போதுமா மிஸ்? நிக்குமா?"

"நல்லாப் பொருந்தினா நிக்கும்."

பொருந்தினால்! அந்த ஒரு சொல்தான் காலையிலிருந்து மண்டைக்குள் சுற்றுகிறது.

மெ.யிடம் சொன்னேன். "வாயில இரும்பு இல்லாம எப்படிம்மா நிப்பாட்டுறது? இது குதிரை, ஆட்டுக்குட்டி இல்ல." நான் நகரவில்லை. கடைசியில்: "சரி. பதினஞ்சுக்கு முன்ன என் கண்ணுக்கு முன்னால ஓட்டி, நிப்பாட்டிக் காட்டு. நின்னா பார்ப்போம். நிக்கலன்னா போன்தான்."

கொழும்பிலிருந்து இன்னொன்று வர மூன்று கிழமையாகுமாம். அப்படியென்றால் செய்யவேண்டியதுதான்.

மார்ச் 6, வியாழன்

அளவு எடுத்தேன். சிவப்பு வூல் நூல், ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு முடிச்சு.

மூக்கைச் சுற்றி. ஒரு முடிச்சு.
மூக்கிலிருந்து காதுக்குப் பின்னால் போய் மறுபக்கம் வரை. இரண்டு முடிச்சு.
ஒரு காதடியிலிருந்து மறு காதடி, நெற்றி வழியாக. மூன்று.
தொண்டைக்கு, கை முட்டி போகிற இடைவெளி விட்டு. நான்கு.

இன்று பி. தலையைத் தூக்கவில்லை. நூல்தான் என்று தெரியுமோ. மூன்றாம் முடிச்சைத் தின்னப் பார்த்தது.

காதுக்குப் பின்னால் கை வைத்தபோது ஓர் இடம் பிசுபிசுவென்று முடி கொட்டி இருந்தது. பழைய வார் அறுத்த இடம். அந்த இடம் எனக்குத் தெரியும். பதினொரு வருடம் கொழுந்துக் கூடையின் கயிறு என் உச்சந்தலையில்தான். ஈரக்கொழுந்து நிறைந்தால் கயிறு மண்டைக்குள்ளேயே இறங்கும், சாயந்தரம் சீப்பு வைக்க முடியாது. நாங்கள் கம்பளித் துண்டை நாலாக மடித்துக் கயிற்றுக்குக் கீழே வைப்போம். அதே மாதிரி ஒன்று தலைவாருக்கு அடியில் தைத்தால்? ஏன் கூடாது! பழைய கம்பளி எங்கள் லயத்து வீட்டில் இருக்கிறது.

என் வீட்டுக்காரர் பக்டரியிலிருந்து வந்து, நூலை வைத்துக்கொண்டு நான் கணக்குப் போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "கல்யாணமாகிப் பதினாறு வருசமாச்சு. என் சட்டை சைஸ் ஒனக்குத் தெரியுமா?"

"பதினஞ்சரை."

"அது கால் சப்பாத்தா, சட்டையா?"

தெரியவில்லை. இரண்டு பேரும் சிரித்தோம்.

தின்றது: புல் நான்கு கட்டு. கஞ்சி. வாய்க்காயம் சுத்தம், வாடை இல்லை.

மார்ச் 8, சனி

பதுளை. அப்புத்தளையில் ஆறு மணி பஸ். பண்டாரவளையில் மாறி, தெமோதரை தாண்டும்போது பையைக் கட்டிப்பிடித்தபடி தூங்கிப்போனேன். பையில் புதிய கடிவாளம், சிவப்பு நூல். இரும்பை மட்டும் தொழுவத்தில் ஆணியில் விட்டுவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் நிஸாம் நானாவின் பேக் கடை. ஸ்கூல் பேக், பிரயாணப் பேக், சிப் போடுவது, தோல் தைப்பது. நோன்புக் காலம், கடையில் கூட்டமில்லை.

"வாங்க தங்கச்சி. யாருக்கு பெல்ட்டு?"

"குதிரைக்கு நானா."

தையல் மெஷினை நிறுத்திவிட்டார். "எதுக்கு?"

விஷயத்தைச் சொன்னேன். பல், இரும்பு, பதினைந்தாம் தேதி, எல்லாம். டொக்டர் மிஸ் அனுப்பிய படத்தையும் காட்டினேன். அவர் போனை வாங்கிப் பெரிதாக்கி, சின்னதாக்கி, திருப்பிப் பார்த்தார். பிறகு கடையிலேயே பெரிய பிரயாணப் பேக்கை இறக்கி மேசையில் நிமிர்த்தி வைத்தார்.

"இதுதான் குதிர. மூக்கு எங்க?"

கைப்பிடியைக் காட்டினேன். அப்புறம் இரண்டு மணித்தியாலம் அந்தப் பேக்கோடுதான். மூக்குவாருக்கு இரண்டு தோலை ஒட்டித் தைத்தார். தையல் உள்பக்கம் வந்தது.

"நானா, தையல் மூக்குல ஒரசும்."

"வெளியால தச்சா வடிவில்ல தங்கச்சி."

"வடிவு மாப்பிள்ளைக்கு. மூக்கு குதிரைக்கு."

கத்தரியை எடுத்தார். பிரித்துவிட்டு வெளியால் தைத்தார். உள்ளே மெல்லிய ஆட்டுத்தோல் வேறு, நான் கேட்காமலே. வளையம் இரண்டும் ஏதோ பழைய ஆமிப் பையிலிருந்து கழற்றியவை. பலமாக இழுத்துப் பார்த்தோம், அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அசையவில்லை.

"உங்களுக்கு மட்டும் குடிக்க ஒரு ப்ளேன்டி சொல்லட்டா? எனக்கு நோன்பு."

"வேணாம் நானா. எனக்கும் இறங்காது." உண்மைதான். காலையிலிருந்து பசியே இல்லை. சந்தோஷத்தில்.

கிளம்பும்போது: "நிண்டதா இல்லையாண்டு சொல்லோணும். போன் நம்பர் இந்தக் கடை பேக்ல இருக்கு."

மார்ச் 9, ஞாயிறு

வெயில். காற்று.

முதலில் பயந்துபோனேன். அதையும் எழுதவேண்டும்.

போட்டது அழகாகத்தான் இருந்தது. பி. தலையைக் குனிந்து கொடுத்தது. மூக்குவாரைப் பூட்டி, வாரை லேசாகப் பிடித்தேன். உடனே மூக்கால் பெரிதாகச் சீறி, பின்னால் பின்னால் போய் வேலியில் முட்டியது. கண்ணில் வெள்ளை தெரிந்தது. வாயில் இரும்பு இல்லை, பல் இல்லை, பிறகு என்ன? போச்சு என்று நினைத்தேன். நானாவின் தையல், ஆட்டுத்தோல், எல்லாம் போச்சு.

கழற்றிவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அது அமைதியானதும் எழுந்து மூக்கின்மேல் கையை வைத்து மெதுவாகக் கீழே இறக்கினேன். எலும்பு, எலும்பு, எலும்பு, சட்டென்று மெத்து. அதற்குக் கீழே எலும்பே இல்லை. அழுத்தினால் உள்ளே போகிறது. மூச்சு போகிற வழி அது! நான் வாரை அந்த மெத்தில் கட்டி, மூச்சை அல்லவா பிடித்திருக்கிறேன்.

நான்கு விரல் மேலே ஏற்றவேண்டும். கன்னவாரில் அங்கே ஓட்டை இல்லை. ஆணியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, பக்கத்துக்கு இரண்டு ஓட்டை நானே போட்டேன். விரலில் ஒரு கொப்புளம். சின்னதுதான்.

மறுபடி பூட்டினேன். எலும்பின்மேல். இரண்டு விரல் தாராளமாக நுழைகிறது. தலைவாருக்கு அடியில் என் கம்பளி. வாரைப் பிடித்தேன். பி. காதை என் பக்கம் திருப்பியது. அவ்வளவுதான். பிறகு குனிந்து புல் தின்ன ஆரம்பித்தது, கடிவாளத்தோடு!

தொழுவத்தைச் சுற்றி ஓடினேன். தோட்டக்காரர் பார்த்துவிட்டார். பார்க்கட்டும்.

மார்ச் 11, செவ்வாய்

கையில் பிடித்து நடத்தினால் எல்லாம் செய்கிறது. இடம், வலம், நில். நேற்றும் இன்றும் ஐம்பது தடவை.

ஆனால் மெ.க்கு "ஓட்டி" காட்டவேண்டும். மேலே யார்? தோட்டக்காரரைக் கேட்டேன், கும்பிடு போட்டார். மெ.க்கு இடுப்பு வலியாம். விருந்தாளிகளை ஏற்றக்கூடாது.

இருப்பது நான்.

ஒரு மாதமாகக் குளிப்பாட்டி, லாடம் பார்த்து, சாணி அள்ளியிருக்கிறேன். ஏறியதில்லை. யாரும் ஏறச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றியதுகூட இல்லையா? தோன்றியது. தினமும்.

பகல் இரண்டு மணி, எல்லாரும் சாப்பாட்டில். சுரிதார். பைப்படிக் கல்லில் ஏறி, சேணத்தைப் பிடித்து, முருகா என்று காலைப் போட்டேன்.

என்ன உயரம்! தேயிலை நிரைகளுக்கு மேலால் எங்கள் லயத்துக் கூரை, அதற்கும் அப்பால் பள்ளத்தாக்கு. இந்த மலையில் முப்பத்தாறு வருடமாக இருக்கிறேன். குனிந்தே பார்த்திருக்கிறேன் போல.

பத்து அடி நடந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

மார்ச் 12, புதன்

இரண்டு தடவை விழுந்தேன். எங்கே அடி என்று எழுதமாட்டேன்.

கற்றது: இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தால் பி.யும் இழுக்கிறது. பிடித்து, விட்டு, பிடித்து, விட்டால் நிற்கிறது.

நாளைக்கே ஓட்டிக் காட்டு என்று மெ. சொல்லிவிட்டார். அவருக்கு வீட்டில் தெரிந்துவிட்டது, நான் உட்காருகிற விதத்தில். தைலம் தேய்த்துவிட்டார். "நாளைக்கி நானும் வருவேன்." வேண்டாம் என்றேன். "சும்மா நிப்பேன்."

மார்ச் 13, வியாழன், போயா (பௌர்ணமி லீவு)

வானம் கழுவிவிட்ட மாதிரி. தோட்டத்தில் வேலையில்லை, அதனால் லயமே வந்துவிட்டது! வேலியோரம் வரிசையாக, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு.

"ஏய் தெய்வான, நாளைக்கிக் காலையில பேர் பதியிற பெரட்டுக்குக் குதிரையிலதான் வருவியா?"

"கங்காணியையும் பின்னுக்கு ஏத்திக்க!"

மெ. கேட்டடியில் கை கட்டிக்கொண்டு. என்னவர் சொன்ன மாதிரியே சும்மா நின்றார், முகம் மட்டும் சும்மா இல்லை.

கேட்டிலிருந்து வளைவுவரை நடை. திரும்பி மெல்லோட்டம். பல்லெல்லாம் ஆடியது. பாதி வழியில், கொழுந்து லொறி. போயாவிலும் ஏன் வந்தது என்று தெரியவில்லை. வளைவில் நீளமாக ஹோர்ன் அடித்தான்.

பி. பாய்ந்தது. காற்று காதில் விசில் அடித்தது. யாரோ "ஐயோ" என்றார்கள். இழு இழு என்று கை சொல்லுகிறது. இழுக்கவில்லை. முதுகை நிமிர்த்தி, பிடித்தேன், விட்டேன். பிடித்தேன், விட்டேன். மூக்குவாரின் வழியாக அதன் மூச்சு என் கைக்கு வந்த மாதிரி இருந்தது. மூன்றாவது தடவையில் ஓட்டம் குறைந்தது. நான்காவதில் நின்றது. செம்பருத்தி வேலிக்கு ஒரு முழம் முன்னால். நின்றதும் ஓர் இலையைப் பிடுங்கித் தின்றது.

வேலியோரம் ஒரே சத்தம், கைதட்டல்.

மெ. நடந்து வந்தார். மூக்குவாருக்குள் தன் விரலை விட்டுப் பார்த்தார். காதுக்குப் பின்னாலிருந்த கம்பளியைத் தொட்டுப் பார்த்தார். "இது என்ன?"

"கொழுந்துக்காரிங்க தலையில வைக்கிறது சேர்."

கம்பளியை இன்னொரு தடவை விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு: "கல்யாணத்துக்கு நெத்தியில கொஞ்சம் பூ கட்டிரு."

போகிறது என்று அர்த்தமில்லை! இருக்கிறது என்று அர்த்தம்!

நிஸாம் நானாவுக்குப் போன். "நிண்டிச்சா?" "நின்னிருச்சு நானா!" அந்தப் பக்கம் கடையில் யாரிடமோ சத்தமாகச் சொல்கிறார்: "நிண்டிட்டுதாம்!"

மார்ச் 14, வெள்ளி

மேளக்காரர்கள் ஒத்திகைக்கு வந்தார்கள். பி.யைத் தூரத்தில் நிறுத்திக் கேட்கவைத்தேன், பிறகு கொஞ்சம் கிட்ட, பிறகு இன்னும் கிட்ட. தவிலுக்குக் காது ஆடியது. நாதஸ்வரத்துக்குக் கொட்டாவி விட்டது.

கால் பிடித்துவிட்டது. படி ஏற முடியவில்லை. கவலையில்லை.

மார்ச் 15, சனி

கல்யாணம். எதிலிருந்து தொடங்குவது!

பி.க்கு மல்லிகைச் சரம், நெற்றிவாரில். தோலுக்கெல்லாம் எண்ணெய் போட்டுப் பளபளவென்று. மாப்பிள்ளை கொழும்புக்காரர். பட்டு வேட்டி, தலைப்பாகை. காரிலிருந்து இறங்கி வந்தவர் பி.யைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

"இவ்வளவு பெருசா?"

"சாது சேர்" என்றேன்.

எல்லாப் பக்கமும் சுற்றி வந்து பார்த்தார். "வாயில ஒன்னுமே இல்லையே. ஓடினா?"

"ஓடாது. ஓடினாலும் நிக்கும்."

அந்த இரண்டாவது வாக்கியத்தை நான் சொல்லியிருக்கக் கூடாது. மாப்பிள்ளைக்கு வேர்த்துவிட்டது. தகப்பன் தள்ளுகிறார், கூட்டாளிகள் போனில் படம் எடுக்கிறார்கள், மேளம் அடிக்கிறது, மாப்பிள்ளை மாட்டேன் என்கிறார். குதிரையில் வரவேண்டுமென்று ஆசைப்பட்டதே அவர் இல்லையாம், கூட்டாளிகளாம். மெ. என்னைப் பார்க்கிறார். நான் பி.யைப் பார்க்கிறேன். பி. சரத்தைத் தின்ன முயற்சி செய்கிறது.

மேல்மாடி பல்கனியில் பொண்ணு. பாதி அலங்காரம், ஒரு கையில் மட்டும் வளையல். பண்டாரவளைப் பிள்ளை, ஸ்கூலில் படிப்பிக்கிறவளாம். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றவள் கேட்டாள்: "அக்கா, நான் ஏறலாமா?"

தாய் உள்ளேயிருந்து கத்தினது கீழேவரை கேட்டது.

பத்து நிமிடத்தில் இறங்கி வந்துவிட்டாள். முழு அலங்காரத்தோடு. பி.யின் மூக்கில் கையை வைத்துத் தடவிக்கொடுத்தாள். "எனக்கும் பயந்தான் அக்கா" என்றாள் மெதுவாக. "ஆனா ஏறணும்."

ஏறி நிற்கக் கதிரை போட்டு, பக்கவாட்டில் உட்காரவைத்து, சேலையைச் சரிசெய்து கொடுத்தேன். வார் என் கையில். கேட்டிலிருந்து மணவறைவரை முந்நூறு அடி. பொண்ணு குதிரைமேல், மாப்பிள்ளை பக்கத்தில் நடந்து, அவள் முகத்தில் வெயில் படாமல் குடை பிடித்துக்கொண்டு. இப்போது மனுஷன் சிரிக்கிறார், அவள் கையையும் பிடித்துக்கொண்டார். அவருக்கு அதுதான் சரியான இடம்.

தவில் ஒரு சுற்றில் உச்சத்துக்குப் போனது. பி.யின் காது பின்னால் போயிற்று. பிடித்தேன், விட்டேன். நடந்தது.

இறங்கும்போது பொண்ணு என் காதில்: "மேல இருந்து எல்லாம் வேற மாதிரி தெரியுது என்ன?"

ஆமாம் என்றேன்.

சாயந்தரம் மெ. வந்து, அடுத்த மாதத்திலிருந்து என் பெயரைச் சலவைப் பட்டியலில் இருந்து எடுத்துவிடுவதாகச் சொன்னார். வேறு பட்டியலில் போட, வேலைக்கு என்ன பெயர் எழுதுவது என்று அவருக்கே தெரியவில்லை. யோசித்துச் சொல் என்றார்.

மார்ச் 16, ஞாயிறு

பனி இல்லை. விடிந்ததும் போனேன். வேலை ஒன்றுமில்லை, விருந்தாளிகள் தூக்கம்.

தொழுவக் கதவைத் திறந்ததும் பி. தலையைத் தாழ்த்தி என் பக்கம் நீட்டியது. கடிவாளத்தை நான் இன்னும் ஆணியிலிருந்து எடுக்கவே இல்லை.

தின்றது: எல்லாம்.